தண்ணீர் வந்ததால்தானா?



இவ்வாண்டு மலருக்காக எங்கள் வகுப்பைப் புகைப்படம் எடுத்த நாளில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. வேப்பமரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டு மூன்று வரிசையாக நின்றோம். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் புகைப்படக்காரர். நாங்களும் சிரித்தோம். ஆனால் எங்களுள் சிலர் உதட்டைத் திறக்காமலே சிரித்தோம். எங்களுக்கு அடுத்து ஆறாம் வகுப்புத் தங்கையர் வந்து நின்றார்கள். அவர்களோ புகைப்படக்காரர் சொல்லுமுன்பே பல் தெரியச் சிரித்துவிட்டார்கள்.

வகுப்புக்குத் திரும்பியதும் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி, "ஏன் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்பு ஒருத்தி எழுந்து, "பல்லில் கறை, சிஸ்டர்" என்றாள். தருமபுரி மாவட்டத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இன்னொருத்தி, "சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவாக இல்லை, சிஸ்டர். ஒகேனக்கல் தண்ணீர் வந்ததால்தான்" என்றாள்.

"அதனால்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சகோதரி.

எளிய கேள்விதான். ஆனால் விடை தேடப் புறப்பட்ட எங்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின. அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவருகிறது, கோடிக்கணக்கில் செலவிடுகிறது, பிறகு ஏதோ ஒரு நன்மை கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நன்மை அந்தத் திட்டத்தால்தான் வந்ததா என்று எப்படி அறிவது? இன்று உலகெங்கும் அறிஞர்கள் இதற்குக் கணிப்பொறியின் துணையை நாடுகிறார்கள். 'இயந்திரக் கற்றல்' என்னும் முறை அது. நாங்கள் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

நம் மண்ணும் நம் பல்லும்

நம் மாவட்டம் பாறை நிறைந்த மேட்டு நிலம். சில வகைப் பாறைகளில் புளோரைடு கலந்த தாதுக்கள் உள்ளன. நிலத்தடி நீர் அப்பாறைகளின் இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது புளோரைடு சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. மழை குறைந்த பகுதிகளில் இந்தத் தொல்லை மிகுதி. சிறிதளவு புளோரைடு பல் சொத்தையைத் தடுக்கும். அளவு மிஞ்சினாலோ தீங்கு. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

அளவுக்கு மிஞ்சிய புளோரைடு குழந்தைகளின் பற்களில் வெள்ளைத் திட்டுகளையும் பழுப்புக் கறைகளையும் உண்டாக்கும். பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் எலும்புகளிலும் படிந்து மூட்டுகளை இறுக்கிவிடும். கழுத்தைத் திருப்பவும் குனியவும் இயலாமல் போவோரும் உண்டு. இதற்கு 'புளோரோசிஸ்' என்று பெயர். நம் நாட்டில் இந்நோய் குறித்த முதல் மருத்துவ அறிக்கை 1937ஆம் ஆண்டில் வெளிவந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தைப் பற்றியது அது.

நம் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. புளோரோசிஸ் பாதிப்பைத் தணிப்பதும் அத்திட்டத்தின் நோக்கமாதலால் அதன் பெயரிலேயே அது இடம்பெற்றுள்ளது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பணிகள் நடந்து, 2013இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இங்கே ஒரு முக்கியச் செய்தியைக் கவனிக்க வேண்டும். நிலைப்பற்களின் மேற்பூச்சாகிய எனாமல், பல் ஈறுக்குள் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. பிறப்பு முதல் ஏறத்தாழ எட்டு வயதுவரை அந்த வேலை நடக்கிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று, நான்கு ஆண்டுகளே மிக முக்கியம். கறையோடு முளைத்த பல், பின்னர் எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் தானே வெளுப்பதில்லை. ஆகவே எங்கள் அம்மாக்களின் பற்களைப் பார்த்து, "திட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் பயனில்லை" என்று சொன்னால் அது தவறு. 2013க்குப் பிறகு பிறந்தவர்களின் பற்களைத்தான் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பில் படிக்கும் நாங்கள் 2010, 2011ஐ ஒட்டிப் பிறந்தவர்கள், எல்லைக்கோட்டில் நிற்கிறோம். ஆறாம் வகுப்புத் தங்கையரோ தண்ணீர் வந்த பிறகு பிறந்தவர்கள். அன்று வேப்பமரத்தடியில் கண்ட இருவகைச் சிரிப்புக்கும் இது காரணமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறோம்.

ஓக்லி ஊரின் கதை

நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்றோர் சிற்றூர். அங்கே குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை தோன்றியது. பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1923இல் அங்கே சென்றார். ஐந்து மைலுக்கு அப்பாலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் கறை வரத் தொடங்கியது என்று தாய்மார்கள் அவரிடம் கூறினார்கள். குழாய் நீரைச் சோதித்த அவருக்குக் குறிப்பாக எதுவும் தென்படவில்லை. ஆயினும் அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றைப் பயன்படுத்துமாறு ஆலோசனை சொன்னார். ஊரார் கேட்டார்கள். சில ஆண்டுகளில் இளைய குழந்தைகளுக்குக் கறையில்லாத நிலைப்பற்கள் முளைத்தன. கறைக்குக் காரணம் புளோரைடு என்பது 1931இல்தான் தெளிவாயிற்று.

காரணப் பொருள் எது என்று அறியுமுன்பே, தண்ணீரை மாற்றியதன் விளைவை அந்த ஊர் கண்டுவிட்டது. அண்ணன்மாரையும் தம்பிமாரையும் ஒப்பிட்டதே அதற்கு வழியாயிற்று. ஓக்லி சிற்றூர், மாறியதும் தண்ணீர் ஒன்றே, ஆதலால் அங்கே அது போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கான குடியிருப்புகளைக் கொண்ட நம் பகுதியில் அது போதுமா?

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். பழம் பழுத்திருந்தது, காற்றும் அடித்தது, அந்த நேரத்தில் காக்கையும் வந்து உட்கார்ந்தது. பார்த்தவர்கள் காக்கைதான் தள்ளியது என்றார்கள். திட்டங்களை எடைபோடும்போதும் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடும்.

2013க்குப் பிறகு ஒகேனக்கல் தண்ணீர் மட்டுமா நம் வீடுகளுக்கு வந்தது? பல வீடுகளில் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். சிலர் வடிகட்டும் கருவி வைத்திருக்கிறார்கள். பற்பசையும் உணவும் மாறிவிட்டன. கறை குறைந்திருந்தால் அதில் இவை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு?

நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் படித்ததை மறந்துபோனார்கள். 2021இல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் பாடம் சொல்லித் தந்தார்கள். கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியல் அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை வீடு வீடாகச் சென்று சோதித்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழந்த படிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்று கண்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் முழுப் பெருமையையும் இத்திட்டத்துக்கே கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் மீட்சியில் 24 விழுக்காடு, அதாவது ஏறத்தாழக் கால் பங்கே இத்திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. கால் பங்கு என்பது சிறிதன்று. என்றாலும் அது முழுமையும் அன்று.

இல்லாத ஊரைத் தேடுதல்

அப்படியானால் சரியான கேள்வி எது? "தண்ணீர் வருமுன் எப்படி இருந்தது, வந்தபின் எப்படி இருக்கிறது?" என்பது பாதிக் கேள்விதான். "தண்ணீர் வராமலே இருந்திருந்தால் இன்று எப்படி இருந்திருக்கும்?" என்பதே முழுக் கேள்வி. ஆனால் தண்ணீர் வராத அரூர் என்று ஓர் ஊர் உலகில் இல்லையே! இல்லாத அந்த ஊரைக் கணக்கால் உருவாக்குவதே இந்தக் கலையின் உயிர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் பாடத்துக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. திட்டம் வந்த ஓர் ஊரில் முன்பு நூறு குழந்தைகளில் 40 பேருக்குக் கறை. இப்போது 15 பேருக்கு. குறைந்தது 25. திட்டம் வராத ஓர் ஊரிலும் முன்பு 40 பேருக்குக் கறை. இப்போது 30 பேருக்கு. அங்கேயும் கேன் தண்ணீர் முதலியவற்றால் 10 குறைந்திருக்கிறது. ஆகவே முதல் ஊரில் திட்டம் இல்லாவிட்டாலும் 10 குறைந்திருக்கும் என்று கொள்ளலாம். 25இல் 10 போக 15தான் திட்டத்தின் பயன்.

இந்தக் கணக்குச் சரியாக வர வேண்டுமானால் இரண்டு ஊர்களும் ஒத்திருக்க வேண்டும். ஒத்த குழுக்களை அமைக்கச் சிறந்த வழி குலுக்கல். 1954இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பு மருந்தைச் சோதித்தபோது பதினெட்டு இலட்சம் குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். அவர்களுள் ஒரு பெரும் பகுதியினருக்கு மருந்தா, வெறும் நீர்மமா என்பதைக் குலுக்கல் முறையிலேயே முடிவு செய்தார்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்களையும் இவ்வாறு சோதிக்கலாம் என்று காட்டியதற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகியோர் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் குடிநீர்க் குழாயைக் குலுக்கல் போட்டுப் பதிக்க முடியுமா? மேடு பள்ளம், ஆற்றின் தொலைவு, பணம் ஆகிய எல்லாம் பார்த்துத்தான் பதிப்பார்கள். அப்போது ஒத்த ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாறை, மழை, போர்வெல் ஆழம், வருமானம், தாய்மாரின் படிப்பு என்று நூறு செய்திகளில் ஒத்துப்போக வேண்டும். மனிதர் உட்கார்ந்து தேடினால் ஆயுள் போதாது. இந்த இடத்தில்தான் கணிப்பொறி வருகிறது.

கணிப்பொறி எப்படிக் கற்கிறது?

நாம் கணக்குப் பாடம் எப்படிக் கற்கிறோம்? விடையோடு கூடிய பல கணக்குகளைப் பார்க்கிறோம். அவற்றிலிருந்து வழியைப் பிடித்துக்கொண்டு, விடை தெரியாத கணக்கைப் போடுகிறோம். இயந்திரக் கற்றலும் அவ்வாறே. விதிகளை நாம் எழுதிக் கொடுப்பதில்லை. எடுத்துக்காட்டுகளைக் கொடுக்கிறோம், விதியை அது கண்டுகொள்கிறது.

ஒரு கிணற்று நீரில் புளோரைடு மிகுதியா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று கொள்வோம். ஏற்கெனவே சோதித்த ஆயிரக்கணக்கான கிணறுகளின் விவரங்களைக் கணிப்பொறிக்குத் தருகிறோம். அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக் கிணறுகளைப் பிரிக்கிறது. மழை குறைவான பகுதியா? ஆம் என்றால் ஒரு கிளை, இல்லை என்றால் மறு கிளை. பாறை எந்த வகை? மீண்டும் இரு கிளைகள். இப்படிக் கிளைவிட்டு வளர்வதற்கு 'முடிவு மரம்' என்று பெயர். ஒரே மரத்தை நம்பினால் ஏமாறக்கூடும். ஆகவே விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றிக் கொடுத்து நூற்றுக்கணக்கான மரங்களை வளர்க்கிறார்கள். பிறகு எல்லா மரங்களின் வாக்கையும் எண்ணி முடிவு செய்கிறார்கள். மரங்கள் சேர்ந்தால் காடுதானே! இதற்குச் 'சமவாய்ப்புக் காடு' என்று பெயர்.

இது வெறும் கற்பனையன்று. 2018இல் சுவிட்சர்லாந்து, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து நம் நாடு முழுவதிலிருந்தும் 12,600 நிலத்தடி நீர் அளவீடுகளை எடுத்து, இந்தக் காட்டு முறையால் புளோரைடு வரைபடம் ஒன்றை உருவாக்கினார்கள். நம் நாட்டில் சுமார் 12 கோடி மக்கள் புளோரைடு ஆபத்துள்ள பகுதிகளில் வாழ்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. சோதிக்காத இடங்களிலும் ஆபத்து எங்கே இருக்கக்கூடும் என்று அந்த வரைபடம் காட்டுகிறது. எந்த ஊரில் முதலில் நீரைச் சோதிக்க வேண்டும் என்று தீர்மானிக்க இது பேருதவியாகும்.

இயந்திரத்துக்கும் மனப்பாடப் பழக்கம் உண்டு என்பது எங்களுக்கு வியப்பளித்தது. மாதிரி வினாத்தாளை அப்படியே உருப்போட்டவள் பொதுத் தேர்வில் கேள்வி சற்று மாறினாலும் திணறுவாள் அல்லவா? அதுபோல, கொடுத்த எடுத்துக்காட்டுகளை அது உருப்போட்டுவிடக்கூடும். அதைத் தடுக்க, சில கிணறுகளின் விடைகளை முதலிலேயே மறைத்து வைத்துவிடுகிறார்கள். கற்று முடித்த பிறகு அவற்றைக் கொண்டே தேர்வு நடத்துகிறார்கள். அதில் தேறினால்தான் அதன் சொல்லை நம்பலாம்.

கற்ற இயந்திரம் திட்டத்தை எடைபோடும் விதம்

இப்போது இரண்டையும் இணைப்போம். திட்டம் எட்டாத பல நூறு ஊர்களின் விவரங்களைக் கணிப்பொறிக்குத் தருகிறோம். பாறை, மழை, வீட்டு வசதி முதலியவற்றுக்கும் குழந்தைகளின் பற்களுக்கும் உள்ள தொடர்பை அது கற்றுக்கொள்கிறது. அடுத்து, திட்டம் வந்த ஊரின் விவரங்களைத் தந்து, "இங்கே தண்ணீர் வராமலிருந்தால் எத்தனை குழந்தைகளுக்குக் கறை இருக்கும்?" என்று கேட்கிறோம். அது ஓர் எண்ணைச் சொல்லும். உண்மையில் எத்தனை குழந்தைகளுக்குக் கறை இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே திட்டத்தின் பயன். இல்லாத ஊரைக் கணிப்பொறி கட்டித் தந்துவிட்டது!

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பல்லின் நிலையையும் மாற்றக்கூடியதாய், தண்ணீர் முதலில் எங்கே போகிறது என்பதையும் தீர்மானிக்கக்கூடியதாய் ஒரு செய்தி இருந்து, அதை நாம் கணிப்பொறிக்குத் தராமல் விட்டுவிட்டால், அதன் விடை தவறிவிடும். எடுத்துக்காட்டாக, வசதியான ஊர்களுக்குக் குழாய் முதலில் போயிருந்து, வசதியைப் பற்றிய விவரமே நம்மிடம் இல்லையென்றால், பணத்தின் பயனைத் தண்ணீரின் பயனாக அது சொல்லிவிடும். இயந்திரத்துக்குக் காக்கை எது, காற்று எது என்று தானாகத் தெரியாது. காற்று அடித்ததை நாம்தான் சொல்ல வேண்டும்.

சராசரி மறைப்பது எது?

வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால் எல்லோரும் தேறினோம் என்றாகுமா? சிலர் 95, சிலர் 25 பெற்றிருக்கலாம். திட்டங்களும் அப்படியே. எல்லோருக்கும் ஒரே அளவு பயன் கிடைப்பதில்லை. யாருக்கு மிகுதி, யாருக்குக் குறைவு என்று பிரித்தறியச் சமவாய்ப்புக் காட்டையே சற்று மாற்றி, ஸ்டீபன் வேகர், சூசன் ஏதி என்னும் அறிஞர்கள் 2018இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். காரண காரியத்தைத் தேடும் காடு என்று அதைச் சொல்லலாம்.

அரியானா மாநிலத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதைப் பெருக்க ஒரு பெரிய சோதனை நடந்தது. தொலைபேசியில் நினைவூட்டுவது, ஊரில் செய்தி பரப்ப வல்லவர்களைக் கொண்டு சொல்ல வைப்பது, சிறு பரிசு தருவது ஆகிய மூன்றையும் பல அளவுகளில் கலந்து 75 வகைத் திட்டங்களைச் சோதித்தார்கள். ஒத்த பலன் தருபவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பிரித்தறிய இயந்திரக் கற்றலைச் சார்ந்த முறை பயன்பட்டது. மூன்றும் சேர்ந்த வகையொன்றில் தடுப்பூசிகளின் எண்ணிக்கை 44 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் செலவழித்த பணத்துக்குச் சிறந்த பயன் தந்தது பரிசே இல்லாத வகை. பரிசு இல்லாமல், ஊராரின் சொல்லும் நினைவூட்டலுமே அங்கே போதுமானதாக இருந்தன.

இந்தப் பகுதியைப் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. ஒகேனக்கல் தண்ணீரால் மிகுந்த பயன் பெறுவது யார் என்று கணிப்பொறியைக் கேட்டால், கைக்குழந்தைகள் என்றே சொல்லும். பாட்டியின் பல்லும் மூட்டும் இனிப் பெரிதாக மாறப்போவதில்லை. "அப்படியானால் குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில் குழாய் கொடுத்துவிட்டு, பாட்டி மட்டும் இருக்கும் வீட்டைக் கடைசியில் வைக்கலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். சிலர் ஆம் என்றோம். ஆனால் பெரும்பாலோர்க்கு மனம் ஒப்பவில்லை. நாற்பது ஆண்டுகள் அந்தத் தண்ணீரைச் சுமந்து வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் பாட்டி. சகோதரி எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுவிட்டு, "யாருக்குப் பயன் மிகுதி என்பதைக் கணக்குச் சொல்லும். யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை நம் மனச்சாட்சிதான் சொல்ல வேண்டும்" என்றார்.

ஏட்டில் இல்லாத வீடு

இவ்வளவும் கற்ற பிறகு நாங்களே ஒரு சிறு கணக்கெடுப்பு நடத்திப் பார்த்தோம். ஒரு நீண்ட நோட்டில் கோடு போட்டோம். பிறந்த ஆண்டு, முதல் நான்கு ஆண்டுகளில் குடித்த தண்ணீர், இப்போது குடிக்கும் தண்ணீர், முன்பற்களில் கறை உண்டா, இல்லையா. பெயர் எழுதவில்லை. விரும்பாதவர்களைக் கேட்கவில்லை. எங்கள் வகுப்பையும் ஆறாம் வகுப்பையும் எழுதி முடித்தோம்.

தங்கையரிடம் கறை குறைவாகத்தான் இருந்தது. துள்ளிக் குதித்தோம். நோட்டைப் பார்த்த சகோதரி மூன்று கேள்விகள் கேட்டார். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் கேன் தண்ணீர்? பாதிக்கு மேல். எங்கள் வகுப்பில் கிராமங்களிலிருந்து வருவோர் எத்தனை பேர், ஆறாம் வகுப்பில் எத்தனை பேர்? எங்கள் வகுப்பில்தான் மிகுதி. கறை உண்டு, இல்லை என்று தீர்மானித்தது யார்? நாங்களேதான். நாங்கள் எதைக் காண விரும்பினோமோ அதையே கண்டிருக்கக்கூடும். பல் மருத்துவர் ஒருவர், யார் எந்தத் தண்ணீர் குடித்தவர் என்று அறியாமல் பார்த்திருந்தால் அல்லவா சரி! ஆதலால் எங்கள் எண்ணிக்கையை இங்கே அச்சிடவில்லை. ஒரு பள்ளியின் இரண்டு வகுப்புகளைக் கொண்டு ஒரு மாவட்டத் திட்டத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது நன்றாகக் கிளறிவிட்ட பானைக்கே பொருந்தும். மேலே மட்டும் வெந்து அடியில் அரிசியாகக் கிடக்கும் பானைக்குப் பொருந்துமா?

ஆனால் அந்த நோட்டு எங்களுக்கு வேறொன்றைக் காட்டியது. எங்கள் தோழி ஒருத்தி சித்தேரி மலைப் பகுதியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இப்போது குடிக்கும் தண்ணீர் என்ற கட்டத்தில் 'குழாய், போர்வெல், கேன்' என்று மூன்றுதான் போட்டிருந்தோம். "எங்கள் வீட்டில் ஊற்றுத் தண்ணீர். அதற்கு இடமே இல்லையே" என்றாள். இன்னொருத்தியின் தெருவில் குழாய் நீரும் போர்வெல் நீரும் ஒரே தொட்டியில் கலந்து வருகின்றன. 'குழாய்' என்று எழுதினால் அது பாதி உண்மை. நாங்கள் கட்டம் போட்டபோதே அவர்கள் இருவரையும் வெளியே நிறுத்திவிட்டோம். எங்களை அறியாமலே நிறுத்திவிட்டோம்.

கணிப்பொறி எவ்வளவு கெட்டிக்காரியானாலும், நாம் போட்ட கட்டங்களைத்தான் படிக்கும். ஏட்டில் இல்லாத வீடு அதற்கு உலகத்திலேயே இல்லாத வீடு. பதிவேட்டில் 'குழாய் உண்டு' என்று இருந்து, குழாயில் தண்ணீர் வாரம் ஒரு முறைதான் வருமானால், தண்ணீர் தினமும் வருவதாகவே எண்ணிக் கணக்குப் போடும். 'இந்தத் திட்டத்தால் பயன் குறைவு' என்றுகூட அது முடிவு சொல்லக்கூடும். உண்மையில் பயன் குறைவானது தண்ணீர் வராததால் அல்லவா? தமிழ்நாடு அரசு 2020இல் பாதுகாப்பான, நெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இத்தகைய முறைகள் யாருக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. அந்த அக்கறை, கணக்கெடுக்க வருபவர் வீட்டு வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வியிலேயே தொடங்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

முடிவுரை

"தண்ணீர் வந்ததால்தானா?" என்ற கேள்விக்கு இப்போது எங்கள் விடை இதுதான்: பெரும்பாலும் ஆம் என்று நம்புகிறோம். தண்ணீர் மாறினால் இளைய குழந்தைகளின் பற்கள் மாறும் என்பதை ஓக்லி காட்டியிருக்கிறது. ஆனால் நம் ஊரில் எவ்வளவு மாறியது, யாருக்கு மாறவில்லை என்று சொல்ல, பல ஊர்களில் மருத்துவர்கள் பற்களைச் சோதிக்க வேண்டும். தண்ணீரை அளக்க வேண்டும். பிறகு கணிப்பொறியின் துணையோடு கணக்குப் போட வேண்டும். அது பெரியவர்கள் செய்ய வேண்டிய பணி. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

பெற்றோரே, கணக்கெடுப்பவர் உங்கள் வாசலுக்கு வந்தால் நேரமில்லை என்று அனுப்பிவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூடுதலாகச் சொன்னால் உதவி கிடைக்கும் என்றோ, குறைத்துச் சொன்னால் கௌரவம் என்றோ நினைக்க வேண்டா. நீங்கள் சொல்லும் ஒரு சொல், உங்களைப் போன்ற ஆயிரம் வீடுகளுக்கு விடையாகிறது. தோழியரே, நாளை நம்முள் சிலர் செவிலியராகவோ, அலுவலராகவோ, கணிப்பொறிப் பொறியாளராகவோ ஆகலாம். அன்று கட்டம் போடும் முறை நமக்கு வரும்போது, ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் வீட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்க மறவாதிருப்போம்.

எங்கள் நோட்டில் இப்போது நான்காவது, ஐந்தாவது கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. 'ஊற்று' என்பதன் கீழே எங்கள் மலைத் தோழி தானே முதல் கோட்டைப் போட்டாள். போட்டுவிட்டு, பல் தெரியச் சிரித்தாள். அவள் பல்லில் கறை இல்லை. ஏன் என்று கண்டுபிடிப்பதே எங்கள் அடுத்த பாடம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பாக, ஒரு மாணவி